சட்டென்று கலங்கும் மனசும் சாயங்காலப் பசியும்

என் அக்கா மகளுக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், கல்லூரி புதுச்சேரியில். காலையில் பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் எல்லாம் தாண்டிப் போய், இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவாள். நானும் பல வருடங்களாக அதே தடத்தில் வேலைக்குப் போய் வருகிறவள். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் போனை நீட்டினாள். இணையத்தில் ஒரு குணநலத் தேர்வை எழுதியிருந்தாள். மனதில் தோன்றுவதை மறைக்காமல் காட்டுகிறவர், சின்னச் சொல்லுக்கும் கலங்குகிறவர் என்று அவளைப் பற்றி முடிவு வந்திருந்தது. கூடவே ஒரு பட்டியல்: இந்தக் குணக்காரர்கள் காலையில் எதைக் குடிக்க வேண்டும், இரவில் எதைத் தொடக்கூடாது, வாரத்தில் எத்தனை நாள் ஆட வேண்டும், எத்தனை நாள் ஓட வேண்டும்.

"சித்தி, குணத்தைச் சரியாத்தான் சொல்லியிருக்கு. அப்ப சாப்பாடும் சரியாத்தானே இருக்கும்?"

பஸ் கூட்டத்தில் அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

உணவைக் குணத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆசை இன்று பிறந்ததில்லை. கிரேக்க மருத்துவம் உடலில் நான்கு நீர்கள் ஓடுவதாக நம்பி, அதை வைத்தே மனிதர்களின் சுபாவத்தையும் பிரித்தது. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகு பார்த்துப் பத்தியம் சொல்கிறது. எங்கள் பாட்டி, "இவ பித்த உடம்புக்காரி, வெயில் நாள்ல காரத்தைக் குறைங்க" என்பார். அந்தப் பழைய ஆசைதான் இன்று போன் திரையில் வண்ணப் பட்டியலாக வருகிறது.

ஆனால் மனிதரை வகைவகையாகப் பிரித்து வைப்பதை இன்றைய உளவியல் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. உயரத்தை அளப்பது போலக் குணத்தையும் அது கூடுதல் குறைவாகவே பார்க்கிறது. முழு நெட்டையும் முழுக் குட்டையும் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலோர் நடுவில். அடிப்படைக் குணங்கள் என்று அது எடுத்துக்கொள்ளும் ஐந்தில் இரண்டு நம் பேச்சுக்குத் தேவை. ஒன்று, மற்றவர்களோடு கலந்து பேசி, சிரித்து, தன்னை வெளிக்காட்டும் குணம். இன்னொன்று, மனம் எவ்வளவு சீக்கிரம் கலங்குகிறது, கலங்கினால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. நியூரோட்டிசிசம் என்ற கரடுமுரடான பெயர் அதற்கு. மென்மையாகச் சொன்னவர்களும் உண்டு. 1997இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலைன் ஆரோன், ஆர்தர் ஆரோன் தம்பதி, ஒளி, சத்தம், பிறர் முகபாவம் எல்லாவற்றையும் ஆழமாக வாங்கிக்கொள்ளும் தன்மையை ஒரு பிறவிச் சுபாவமாகவே விவரித்தார்கள். நோய் என்று சொல்லவில்லை.

இரைப்பைக்கு நம் குணம் தெரியாது. சட்டென்று கலங்கும் சுபாவக்காரர் சாப்பிட்ட இட்லியும் எதையும் வெளிக்காட்டாத சுபாவக்காரர் சாப்பிட்ட இட்லியும் ஒரே மாதிரிதான் செரிக்கின்றன. உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்கென்று தனிச் சத்துத் தேவை இருப்பதாக நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. அந்தப் பட்டியலின் உணவுப் பகுதியை அவள் அழித்துவிடலாம். குணம் தன் வேலையைக் காட்டுவது வேறு இடங்களில். எப்போது கை நொறுக்குத் தீனி டப்பாவுக்குப் போகிறது, எப்போது நிற்கிறது, ஆரம்பித்த பழக்கம் எந்த நாளில் அறுந்துபோகிறது என்பவற்றில் அது வெளிப்படும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. வயிற்றை வைத்துத்தான் நாம் மனதைச் சொல்கிறோம். பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்ற வயிறு பதறுகிறது. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. மனம் வயிற்றோடு பேசுவதைவிட வயிறு மனதோடு பேசுவது அதிகம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. ஆனால் அது அங்கிருந்து நேராக மூளைக்குள் போய்விடாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு விடாது. வாழைப்பழம் தின்றால் சந்தோஷ ரசாயனம் ஏறும் என்று சுற்றுகிற செய்திகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

கலக்கம் பசியை இரண்டு விதமாக மாற்றுகிறது. திடீர் அதிர்ச்சியில் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்ந்து, இரத்தம் வயிற்றை விட்டுக் கை கால்களுக்கு ஓடுகிறது. அப்போது சோறு இறங்காது. பரீட்சை அன்று காலை தட்டில் காய்ந்துபோகும் இட்லியை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கலக்கம் நாள்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது. அது பலருக்குப் பசியைத் தூண்டும், அதிலும் இனிப்பையும் எண்ணெயையும் தேட வைக்கும். ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் நடக்கும். காலையிலும் மதியத்திலும் ஒழுங்காகச் சாப்பிடாத வயிறு, மாலை ஆறு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, பஜ்ஜி எண்ணெய் வாசனைக்கு எதிரே எந்தத் தற்காப்பும் இல்லாமல் நிற்கிறது.

நெதர்லாந்தில் 1986இல் வான் ஸ்ட்ரைன் குழுவினர் வகுத்த ஒரு கேள்வித்தாள் இன்றும் பயன்படுகிறது. உண்ணும் விதத்தை அது மூன்றாகப் பார்க்கிறது: மனக் கலக்கம் தூண்டி உண்பது, கண்ணும் மூக்கும் தூண்டி உண்பது, 'உண்ணக்கூடாது' என்று தன்னைத் தானே கட்டிப்போடுவது. உணர்ச்சிகளை நன்கு வெளிக்காட்டுகிற, மென்மையான மனசுக்காரர்களிடம் முதல் இரண்டும் கைகோத்து வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதை அவர்கள் தலையில் கட்டுவது ஊரார்.

அந்த மூன்றாவதுதான் பெரிய கேடு செய்கிறது. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இருவர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. பங்கேற்றவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள்; பிறகு ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீமை வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், ஏற்கனவே குடித்த மில்க் ஷேக்குக்குத் தக்கபடி ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களோ, மில்க் ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன' என்ற மனநிலை. சின்ன சறுக்கலையும் பெரிய தோல்வியாக உணர்கிற ஒருவருக்குக் கடுமையான டயட் பட்டியலைக் கொடுப்பது, அவரை இந்தக் குழிக்குள் நாமே தள்ளுவதுதான். அக்கா மகளின் பட்டியலில் ஏழு 'கூடாது'கள் இருந்தன. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. "சாப்பிட்டியா?" என்பதுதான் நாம் அன்பைச் சொல்லும் முதல் வார்த்தை. அதனாலேயே "எனக்குச் சாப்பாடு வேணாம்" என்பது கோபத்தின் முதல் வார்த்தையாகிவிட்டது. மாமியாரோடு மனத்தாங்கல் என்றால் மருமகள் பட்டினி. அப்பா திட்டினால் பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிடும். மனைவி ஒரு சொல் சொன்னால் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். வாயால் சொல்லத் தெரியாத வருத்தத்தை வயிற்றால் சொல்கிறோம். கேட்க வேண்டியவர்கள் கேட்டார்களோ இல்லையோ, நள்ளிரவில் பசி கேட்கும். அந்த நேரத்தில் கிடைப்பது முறுக்கும் பிஸ்கட்டும்தான். அரைத் தூக்கம் அதோடு சேர்ந்துகொள்ளும். சிகாகோவில் 12 இளைஞர்களிடம் செய்து 2004இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கவிட்டபோது, பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. ஆக, ஒரு மாலையின் கோபம் மறுநாள் மதியச் சாப்பாடு வரை நீள்கிறது.

எங்கள் பக்கத்தில் இது ஆபத்தாகவும் முடியலாம். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ஆய்வின்படி புதுச்சேரியில் 20 வயதைத் தாண்டியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம். தமிழ்நாட்டுக்கு 14.4. இன்சுலின் போட்டுக்கொள்கிறவரோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை விழுங்கிவிட்டவரோ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், இரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கத்தில் போய்விடலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சண்டை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அவரைச் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு சண்டையைத் தொடருங்கள்.

வடலூர் எங்கள் மாவட்டம்தான். வாடிய பயிரைக் கண்டு தானும் வாடிய வள்ளலாரைவிட மென்மையான மனசுக்காரரை எங்கே தேடுவது? அவர் 1867இல் அங்கே தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்று வரை அணையாமல் எரிகிறது. நான் அங்கே போய் நிற்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். எல்லா உயிரின் துன்பத்தையும் தன் துன்பமாக உணர்ந்த மனசு, முதல் வேலையாக வேளை தவறாத சோற்றுக்கு ஏற்பாடு செய்தது. தொட்டாற்சிணுங்கி, அழுமூஞ்சி என்று ஏச்சு வாங்கி வளர்ந்த பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்வேன்.

வேளை தவறாமை. சீக்கிரம் கலங்குகிறவர்களுக்கு உணவில் நான் சொல்லக்கூடிய பெரிய யோசனை இது ஒன்றுதான். எதைச் சாப்பிடுவது என்பது இரண்டாவது. கலக்கம் வரும் நேரத்தை நம்மால் தீர்மானிக்க முடியாது. சோறு வரும் நேரத்தை முடியும். மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நடுவில் ஏழு மணி நேரம் வெறும் டீயில் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு கை வேகவைத்த மல்லாட்டையோ (நிலக்கடலைதான்) சுண்டலோ வயிற்றுக்குள் போய்விட்டால், ஆறு மணி பஜ்ஜி வாசனை வாசனையாக மட்டும் இருக்கும். வேண்டுமென்றால் ஒன்று சாப்பிடலாம், உட்கார்ந்து, ருசித்து. நின்றபடி ஆறு விழுங்குவது வேறு காரியம்.

எதை என்றால், விலை உயர்ந்த விதைகளைத் தேடி அலைய வேண்டாம். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் 12 வாரம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். காய்கறி, பருப்பு வகைகள், முழுத் தானியம், மீன், கொட்டைகள் என்று உணவை மாற்றிக்கொண்ட குழுவில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பெரிதும் விலகியது. பேச்சுத் துணை மட்டும் கிடைத்த குழுவில் 8 சதவீதம். சின்ன ஆய்வு, தாங்கள் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும், அதனால் அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனாலும் அந்தப் பட்டியலை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, மத்தி, நெத்திலி, விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை, பண்ருட்டி முந்திரி நாலைந்து. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மலிவாகக் கிடைக்கும் மத்தியில் இருக்கிற நல்ல கொழுப்புக்காக வெளிநாட்டு மாத்திரை டப்பா வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மது பற்றி ஒரு வரி. புதுச்சேரியில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் அதுவே வடிகாலாகிவிடுகிறது. அது தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் மனத்தை இன்னும் மெல்லியதாக்கும்.

இனி, கை டப்பாவுக்குப் போகும் அந்த நொடி. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். முகப் படங்களில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொல்லும்போது, அச்சத்தோடும் கலக்கத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் பரபரப்பு தணிந்தது. பெயர் சொல்வதில் நமக்குப் பஞ்சமில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைத் தொல்காப்பியம் பெயரிட்டு வைத்திருக்கிறது. உடம்பில் தெரிவதால் அவற்றுக்கு மெய்ப்பாடு என்றே பெயர். இதில் இளிவரலை நான் முக்கியமாக நினைக்கிறேன். இழிவுபட்ட உணர்வு, சிறுமைப்பட்ட வலி. அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் ஒரு சொல் வாங்கிய நாளில் எனக்கு வருவது 'டென்ஷன்' என்றே பல வருடம் நினைத்திருந்தேன். இளிவரல் என்று தெரிந்த பிறகு, அதற்கு மருந்து மைசூர்பாகில் இல்லை என்பதும் தெரிந்தது. வேண்டியது ஒரு நம்பகமான காது. அதனால் அக்கா மகளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: டப்பாவைத் திறக்கும் முன் எட்டில் எது என்று சொல்லிப் பார், பிறகு வேண்டுமானால் திற.

உடற்பயிற்சிக்கு வருவோம். இங்கே குணம் உண்மையிலேயே பேசுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 132 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் சைக்கிள், தசைப் பயிற்சி கொடுத்து, 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலகலப்பானவர்கள் மூச்சு வாங்க வைக்கும் கடும் பயிற்சியை ரசித்தார்கள். சீக்கிரம் கலங்குகிறவர்கள் நீண்ட கடும் பயிற்சியைவிட, இடைவெளி விட்டுச் செய்யும் குறுகிய பயிற்சியை விரும்பினார்கள். தங்களை யாராவது கண்காணிப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பயிற்சியால் மன அழுத்தம் நன்றாகக் குறைந்ததும் அவர்களுக்குத்தான்.

வெளிப்படையாகவும் மென்மையாகவும் இருக்கிறவர்களிடம் இந்த இரண்டு இழுப்பும் ஒன்றாக இருக்கும். துணை வேண்டும், ஆனால் அந்தத் துணை மதிப்பெண் போடக்கூடாது. கண்ணாடிச் சுவரும் சத்தமான பயிற்சியாளரும் உள்ள ஜிம்மில் இவர்கள் பணம் கட்டிவிட்டு இரண்டாவது வாரம் நின்றுவிடுவதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அடி எண்ணும் கைக்கடிகாரமும் சிலருக்கு இதே வேலையைச் செய்கிறது. மாலையில் எண் குறைவாக இருந்தால் முகம் வாடிவிடுகிறது என்றால் கழற்றி வைத்துவிடலாம்.

மனசுக்கு இணங்கிய ஒரு தோழியோடு நடப்பது இவர்களுக்குப் பொருந்தும். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையைத் தாண்டி, கோடிக்குக் கோடி போய்த் திரும்பினால் அரை மணி ஓடிவிடும். நானும் அவளும் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வேகமாக, அதற்கடுத்தது வரை பேச்சோடு மெதுவாக என்று நடக்கிறோம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. பேச்சோடு போனால் 150 பெரிய எண் இல்லை. கும்மி, கோலாட்டம், சிலம்பம், பறை போன்றவை இன்னும் நல்லது. உள்ளே இருப்பதை உடம்பு வழியாக வெளியே விடும் கலைகள் அவை. ஒரு மணி நேரம் பறையடித்தவருக்குக் கையும் காலும் தோளும் சேர்ந்து உழைத்திருக்கும்.

உழைப்பு மனசுக்கு என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று போதும். 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர், மனச்சோர்வுள்ள 50 வயது தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, ஒன்றுக்கு மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

எங்கள் கடற்கரைக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை நின்றுபோகும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் என்று பெரிய அடிகளும் வரும். மற்றவர்கள் மழை விட்டதும் மறுபடி செருப்பை மாட்டிக்கொள்வார்கள். சீக்கிரம் கலங்குகிறவர்களோ, 'விட்டுப்போச்சு, என்னால் எதையும் தொடர முடியாது' என்று ஒரு வாரத்து இடைவெளியைத் தங்கள் மேலேயே தீர்ப்பாக எழுதிக்கொள்வார்கள். அதனால் மழைக்காலத் திட்டம் முன்பே வேண்டும்: மழை பெய்தால் கூடத்தில் மூன்று பாட்டுக்கு ஆட்டம், அவ்வளவுதான். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் சங்கல்பத்தைவிட நன்றாக வேலை செய்யும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தொண்ணூறுகளிலேயே காட்டியிருக்கிறார்.

தானே அடித்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. பயமும் இழப்பும் நிறைந்த நாட்கள் அவை. ஆனால் இருட்டுவதற்குள் சமைத்து, நாலு வீட்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, பேசிக்கொண்டே சீக்கிரம் படுத்தோம். அந்த நாட்களில் நான் ஒரு தடவைகூட நள்ளிரவில் டப்பாவைத் தேடவில்லை. இதை நான் கவனித்தது பல வருடம் கழித்துத்தான்.

எல்லாவற்றையும் சுபாவத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, கட்டுப்பாடே இல்லாமல் விழுங்கிவிட்டு வாந்தி எடுப்பது, எடை மளமளவென்று ஏறுவது அல்லது இறங்குவது, மாதவிடாய்க்கு முன் ஒவ்வொரு மாதமும் தாங்க முடியாமல் போவது இவையெல்லாம் மருத்துவரிடம் போக வேண்டியவை. தைராய்டு கோளாறுகூட இப்படி முகம் காட்டும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனாஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் அக்காவுக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம். தட்டில் கை வைக்காமல் எழுந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் பக்கம் நடந்திருக்கிறாள். பாதி வழியில் எனக்குப் போன்.

"சித்தி, கோபம் இன்னும் போகல. ஆனா பசிக்குது."

"ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்டி. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

திரும்பிப் போனாள். அக்கா தட்டை மூடி வைத்திருந்தாளாம். மத்திக் குழம்பும் கீரையும். அன்றிரவு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தாள்.